நிறுத்தி வைத்த காரில் பேட்டரி ஏன் இறங்குகிறது?

கேள்வி: ஷெட்டிலேயே நிற்கும் என் காரில், புது 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி போட்டும் பத்தே நாளில் இறங்கிவிடுகிறது. ஹார்னும் பவர் விண்டோவும் சில நாள் வேலை செய்வதில்லை. மறுபடி பேட்டரி மாற்றவா?

பதில்: வேண்டாம், பணம்தான் வீண். நிற்கும் வண்டியில் 0.2 ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே நாளுக்கு 4.8 ஆம்பியர் ஹவர் போகும். உங்கள் பத்து நாள் கணக்கு அதோடு பொருந்துகிறது.

முதலில் முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் நிற்கிறதா பாருங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். சாவியைத் திருகவோ கதவைத் திறக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். காரின் கண்ட்ரோல் யூனிட்டுகள் (சிறு கம்ப்யூட்டர்கள்) உறங்க அரைமணிக்கு மேல் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். அப்போதும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் கசிவுதான். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதில் அளவு சட்டென விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் கோளாறு. வெளியில் பொருத்திய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் கருவி, அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றையே முதலில் சந்தேகிப்பேன். எந்த ஃபியூஸிலும் விழாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடை மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஹார்ன், விண்டோ கோளாறு தனி. ஈரத்தில் எர்த் இணைப்பு (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் சேர்ப்பது) துருப்பிடித்திருக்கலாம். கேபிளை மறுபடி மாட்டி, மீட்டரை வோல்ட் அளவுக்கு மாற்றி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையே, பிறகு அதே முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாஸ்லின் தடவுங்கள். பானட்டுக்குள் எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.