நான்கு ஆண்டுகளாக நகராத மெட்டு

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக வயலின் வாசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கீரவாணி ராகத்தில் ஒரு மெட்டு தோன்றியது. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) அழகாக வருகிறது. அதற்கு மேல் நகரவில்லை. கைப்பேசியில் நாற்பது பதிவுகள் கிடக்கின்றன, எதுவும் ஒட்டவில்லை. ராகத்தை மாற்றிப் பார்க்கவா, கைவிட்டுவிடவா?

பதில்: கைவிட வேண்டாம். நான்கு ஆண்டு ஒன்றும் அதிகமில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் முதல் சிம்பொனியின் (பெரிய வாத்தியக் குழுவுக்கான பல பகுதிப் படைப்பு) முதல் பகுதியைத் தோழி கிளாரா ஷூமனுக்கு அனுப்பியது 1862இல். முழுதும் அரங்கேறியது 1876 நவம்பர் 4 அன்று, கார்ல்ஸ்ரூ நகரில். நடுவே 1868 செப்டம்பரில், சுவிட்சர்லாந்திலிருந்து கிளாராவுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தில், அந்த மலைநாட்டில் ஊதும் நீண்ட மரக்கொம்பின் மெட்டொன்றை எழுதியிருந்தார். வாழ்த்தோடு போன அதே மெட்டுதான் எட்டு ஆண்டு கழித்து சிம்பொனியின் கடைசிப் பகுதியில், கொம்பு வாத்தியத்தில், மூட்டம் கலைவதுபோல் ஒலித்தது.

உங்களுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டிம்பனி என்னும் பெரிய முரசு முழங்க நிதானமாகத் தொடங்கும் அந்தச் சிம்பொனியின் புகழ்பெற்ற முகப்பு, 1862இல் கிளாரா பார்த்த பிரதியில் கிடையாது. தொடக்கம் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

நீங்கள் அந்த இரண்டு ஆவர்த்தனத்தைப் பல்லவி, அதாவது பாட்டின் தொடக்கம், என்றே முடிவு கட்டிவிட்டீர்களோ என்று சந்தேகிக்கிறேன். அது நடுப்பகுதியாக இருக்கலாம், முடிவாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் என்ன வரும் என்று தேடிப் பாருங்கள்.

தேடும்போது வயலின் பெட்டியிலேயே இருக்கட்டும். வில்லை எடுத்ததும் விரல்கள் பாடமான வர்ணத்தின் (பயிற்சிக்கும் வாசிக்கும் உருப்படி) பிடிகளுக்கே ஓடும். உங்கள் பதிவுகளில் பலவும் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும். தாளம் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் பாடுங்கள். குரல் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது, இனிமையைக் காட்டி நம்மையே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

பதிவுகளை ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு நினைவில் இருப்பதைப் பாடி, ஸ்வரப்படுத்தி, தேதியிட்டு எழுதுங்கள். மறந்துபோனது பெரும்பாலும் ஜோடனை. அதன்பின் பதிவுகளை நாளுக்கு நான்கைந்தாகக் கேளுங்கள் (மொத்தமாகக் கேட்டால் மெட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்). நன்றாக இருந்தும் ஒட்டாத துண்டுகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். அவை வேறொரு மெட்டின் சொத்தாக இருக்கலாம்.

ராகத்தை இப்போது மாற்ற வேண்டாம். முதலில் எடுப்பை, அதாவது தாளத்தில் மெட்டு தொடங்கும் இடத்தை, மாற்றுங்கள். சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுக்கிறீர்கள் என்றால் அரை இடம் தள்ளி எடுத்துப் பாருங்கள். முடிகிற இடமும் நகரும், அடுத்த அடிக்கு வேறு வாசல் கிடைக்கும். அதுவும் சரிவராவிட்டால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். கீரவாணியின் ‘த’, ‘நி’ ஸ்வரங்களான சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே உள்ள அகலத்தை வேகத்தில் ஒரே தாவலில் கடந்துவிடுகிறோம். நிதானத்தில் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். கீரவாணியில் நான் முதலில் தேடும் இடம் அதுதான்.