‘70 சதவீதம் பேர் ஆதரவு’ என்ற எண் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள்: கேள்வி பதில்

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சர்வே நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆரம்பத்தில் தொலைபேசியில் பேட்டி எடுத்தேன், இப்போது கேள்வித்தாள் எழுதுகிறேன். வரி, ஊதியம், மருத்துவக் காப்பீடு, பருவநிலை என்று இங்கே நாள் தவறாமல் ஏதாவது ஒரு சதவீதம் செய்தியில் வருகிறது, இரண்டு தரப்பும் அதை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, பணக்காரர்களுக்கு வரி, குறைந்தபட்ச ஊதியம் எல்லாத்துக்கும் 60, 70 சதவீதம் ஆதரவுன்னு போடறாங்க. அப்புறம் ஏன் எதுவும் சட்டமாக மாட்டேங்குது? கணிப்பே பொய்யா?

பதில்: பொய் இல்லை தம்பி, ஊதிய விஷயத்தில் ஓட்டுப்பெட்டியே அதை நிரூபித்திருக்கிறது. 2020 நவம்பரில் ஃபுளோரிடா டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. அதே நாள், அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக்கும் திட்டத்துக்கு ஏறக்குறைய 61 சதவீதம் பேர் ‘சரி’ என்று குத்தினார்கள், அங்கே நிறைவேற 60 வேண்டும். 2018இல் மிசௌரி, 2022இல் நெப்ராஸ்கா, இரண்டுமே குடியரசுக் கட்சியின் கோட்டைகள், அங்கும் ஊதிய உயர்வு வென்றது. ஆனால் நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. 2021 மார்ச்சில் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 15 டாலர் திருத்தம் ஓட்டுக்கு வந்தபோது 42க்கு 58 என்று தோற்றது, ஜனநாயகக் கட்சி அணியிலேயே 8 பேர் எதிர்த்தார்கள்.

தேர்தலில் மக்கள் ஒரு கொள்கைக்கு ஓட்டுப் போடுவதில்லை, ஒரு ஆளுக்கு, ஒரு கட்சிக்குப் போடுகிறார்கள். ஊதிய உயர்வு வேண்டும் என்பவருக்குக் குடியேற்றமோ துப்பாக்கிச் சட்டமோ அதைவிடப் பெரிதாகத் தெரியலாம். கணிப்பு ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்கிறது. ‘இதற்காக உங்கள் ஓட்டை மாற்றுவீர்களா’ என்று அநேகமாகக் கேட்பதில்லை.

கேள்வி: கிரீன் நியூ டீலுக்கு (பருவநிலைக்கும் வேலைவாய்ப்புக்குமான திட்டம்) 81 சதவீதம் ஆதரவுன்னு ஒரு காலத்துல படிச்சேன். அப்புறம் அது நாட்டையே ரெண்டாப் பிரிச்ச விஷயமாச்சு. எது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மை. என் வேலையில் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2018 டிசம்பரில் யேல் பல்கலைக்கழகத்தின் பருவநிலைத் தொடர்பியல் குழு பதிவு செய்த வாக்காளர்களிடம் கேட்டது. 82 சதவீதம் பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. வேலைவாய்ப்பு தரும், தூய மின்சாரத்துக்கு மாற்றும் என்று ஒரு சிறு விளக்கம் கொடுத்த பிறகு 81 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், குடியரசுக் கட்சிக்காரர்களிலேயே 64 சதவீதம். யார் கொண்டுவருகிறார்கள் என்று அந்த விளக்கத்தில் இல்லை. இந்தக் குறையை ஆய்வாளர்களே அப்போது எழுதியிருந்தார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். 2019 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸும் எட் மார்க்கியும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள், தொலைக்காட்சியில் இரவு பகலாக அடிபட்டது. ஏப்ரலில் அதே குழு திரும்பக் கேட்டபோது குடியரசுக் கட்சி ஆதரவு 44ஆக இறங்கியிருந்தது. குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியை அதிகம் பார்க்கிறவர்கள் அதைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருந்தார்கள், அதிகம் எதிர்த்தார்கள்.

அப்படியானால் முதல் 81 எதை அளந்தது? விளக்கத்தில் இருந்த நல்ல விஷயங்கள் மக்களுக்குப் பிடித்திருந்தன என்பதை அளந்தது, அது பொய்யல்ல. எதிர்த்தரப்பு வாயைத் திறக்காதவரை நிலைமை இப்படி இருக்கும் என்பதைக் காட்டியது. அதைப் பார்த்து ‘நாடே நம் பக்கம்’ என்று முடிவு கட்டியதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரியாத விஷயத்துக்கும் மக்கள் பதில் சொல்வார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘1975 பொது விவகாரச் சட்டம்’ என்று இல்லவே இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். 1995இல் வாஷிங்டன் போஸ்ட் அதையே திரும்பச் செய்தது, ஆனால் அதை ரத்து செய்யச் சொல்வது ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் என்று பாதிப் பேரிடமும் குடியரசுக் கட்சி என்று மீதிப் பேரிடமும் சொன்னது. அவரவர் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். பேர் தெரியாதவரை உள்ளடக்கத்தைப் பார்க்கிறோம், பேர் தெரிந்ததும் ஆளைப் பார்க்கிறோம்.

கேள்வி: எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு (மெடிகேர் ஃபார் ஆல்) பத்தி ஒரே வருஷத்துல 70ன்னும் 37ன்னும் வந்ததே?

பதில்: ஒரே வருஷம் என்ன, ஒரே சர்வேயில் வந்தது. 2019 ஜனவரியில் மருத்துவக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் நிறுவனம் முதலில் வெறுமனே கேட்டபோது 56 சதவீதம் ஆதரவு. ‘காப்பீடு எல்லோருக்கும் உரிமையாகும்’ என்று சேர்த்தால் 71. ‘தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இல்லாமல் போகும்’ என்றால் 37. ‘பெரும்பாலானோர் கூடுதல் வரி கட்ட வேண்டும்’ என்றாலும் 37. ‘சிலருக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் தாமதமாகலாம்’ என்றால் 26. கேஎஃப்எஃப் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. ஆனால் ஆதரவாளர் 71ஐ மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார், எதிர்ப்பாளர் 26ஐ. இப்படி ஒரே ஒரு எண் உங்கள் கண்ணில் பட்டால் மீதி எண்கள் எங்கே என்று தேடுங்கள்.

கேள்வி: ஏறக்குறைய 34 கோடிப் பேர் இருக்கற நாட்டுல ஆயிரம் பேரைக் கேட்டா போதுமா மேடம்?

பதில்: போதும், சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான், அடி குழைந்து மேலே அரிசியாக இருந்தால் எந்தச் சோற்றை எடுக்கிறோம் என்பதுதான் எல்லாம். 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகள் அந்தப் பட்டியலில் அதிகம், பதில் அனுப்ப மெனக்கெட்டவர்களும் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களாக அதிகம் இருந்தார்கள்.

ஆயிரம் பேருக்குப் பிழை வரம்பு, அதாவது உண்மை எண் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது, கூட்டிக் குறைத்து 3 புள்ளி. அதே ஆயிரத்துக்குள் 30 வயதுக்குக் கீழே 200 பேர்தான் இருந்தால் அவர்களுக்கு 7 ஆகிவிடும். ‘இளைஞர்களிடம் ஆதரவு 4 புள்ளி சரிந்தது’ என்ற தலைப்புச் செய்திகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்பல்லாம் போனை யார் எடுக்கறாங்க?

பதில்: யாரும் எடுப்பதில்லை. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி சர்வேக்களில் 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 சதவீதம். அதனால் பலரும் ஆன்லைனுக்குப் போய்விட்டார்கள். அதில் இரண்டு வகை. முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பது ஒன்று. காசுக்கும் பரிசுப் புள்ளிக்கும் யார் வேண்டுமானாலும் சேரக்கூடியது இன்னொன்று. இரண்டாவது வகையில், 30 வயதுக்குக் கீழே இருப்பதாகச் சொன்னவர்களில் 12 சதவீதம் பேர் ‘அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க எனக்கு உரிமம் உண்டு’ என்று பதில் தந்ததை பியூ 2024இல் எழுதியது. உண்மையில் அந்த விகிதம் பூஜ்யத்துக்குப் பக்கம். படிக்காமல் ‘ஆம், ஆம்’ என்று தட்டிக்கொண்டே போகிறவர்கள் அவர்கள், அவர்களது ‘ஆம்’ உங்கள் கார்பன் வரிக் (புகை வெளியீட்டுக்கு விதிக்கும் வரி) கேள்வியிலும் விழும். ஒரு கொள்கைக்கு ஆதரவு கொஞ்சம் ஊதித் தெரிய இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 2016, 2020 ரெண்டு தேர்தல்லயும் தப்பாச்சே, இதை மட்டும் ஏன் நம்பணும்?

பதில்: 2020இல் தேசிய அளவில் பிழை 40 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் போனது, எங்கள் துறையே அதை ஆய்ந்து ஒப்புக்கொண்டது. ஆனால் நெருக்கமான தேர்தலில் 4 புள்ளி தவறினால் வெற்றியாளரே மாறிவிடுவார், 65க்கு 30 என்று இருக்கும் கொள்கையில் 4 புள்ளி தவறினால் 61க்கு 34, படம் மாறாது. கொள்கை விஷயத்தில் எண் ஓரளவு தவறுவதைவிடக் கேள்வியே தவறாக இருப்பதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: முற்போக்கு அமைப்புகள் காசு குடுத்து எடுக்கற சர்வேயை நம்பலாமா?

பதில்: காசு யாருடையது என்று பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2018இல் தொடங்கிய டேட்டா ஃபார் ப்ராகிரஸ் வெளிப்படையாகவே முற்போக்குப் பக்கம் நிற்கும் அமைப்பு. இப்படிப்பட்ட அமைப்புகளின் எண்ணைப் பார்க்கும்போது கேள்வியின் முழு வாசகத்தையும் எடுத்துப் படிக்கிறேன். எதிர்வாதமும் அதே நீளத்தில், அதே பலத்தோடு இருந்தால் எனக்குத் திருப்தி. எதிர்ப்பக்கத்திலிருந்து அதே எண் வந்தால் இன்னும் நம்பிக்கை: 2019 ஜனவரியில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வரியை உயர்த்த 70 சதவீதம் ஆதரவு என்று சொன்னது ஃபாக்ஸ் நியூஸின் சொந்தக் கணிப்பு.

கேள்வி: பருவநிலைக்கு ஆதரவுன்னு சொல்றவங்க பாக்கெட்ல கை வைக்கணும்னா பின்வாங்கறாங்களே?

பதில்: ஆமாம். 2018 இறுதியில் ஏபி செய்தி நிறுவனமும் நார்க் ஆய்வு மையமும் எடுத்த சர்வேயில், பருவநிலைக்காக மின்கட்டணத்தில் மாதம் 1 டாலர் கூடுதலாகக் கட்ட 57 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். மாதம் 10 டாலர் என்றபோது 68 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், சுற்றுச்சூழல் அக்கறை அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றான வாஷிங்டனில், கார்பன் கட்டணத் திட்டம் 43க்கு 57 என்று தோற்றது, எதிர்ப்பிரச்சாரத்துக்குப் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்கள் கொட்டிய பணம் 3 கோடி டாலருக்கு மேல்.

கதை அங்கே முடியவில்லை. அந்த மாநிலச் சட்டமன்றம் 2021இல் கார்பனுக்கு விலை வைக்கும் சட்டத்தை வேறு வடிவில் நிறைவேற்றியது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று சொல்லி அதை ரத்து செய்ய 2024இல் வாக்கெடுப்பு வந்தது. ஏறக்குறைய 62 சதவீதம் பேர் ‘ரத்து செய்யாதே’ என்றார்கள். 2018இல் செலவு கண்ணுக்குத் தெரிந்தது, பயன் காகிதத்தில் இருந்தது. 2024இல் அந்தப் பணம் பேருந்துக்கும் காற்றைச் சுத்தமாக்கவும் போய்க்கொண்டிருந்தது, பறிபோகப் போவது என்ன என்று ஊர் ஊராகச் சொல்ல முடிந்தது. நான் இதை அப்படித்தான் படிக்கிறேன்.

கேள்வி: எங்க ஊர்ல (டெக்சாஸ்) யாருக்கும் இதுல அக்கறையே இல்லைன்னு தோணுதே?

பதில்: தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 6,000க்கும் அதிகமான அமெரிக்கர்களைக் கேட்டு 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வில், முக்கியமான பருவநிலைக் கொள்கைகளுக்கு உண்மையான ஆதரவு 66 முதல் 80 சதவீதம்; மக்கள் ஊகித்ததோ 37 முதல் 43. ஆதரிக்கிறவரே தான் சிறுபான்மை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே. அதே சமயம் அக்கறையின் ஆழம் வேறு: 2023இல் பியூ கேட்டபோது பொருளாதாரத்தை முதன்மையானவற்றில் ஒன்றாகக் கருதியவர்கள் 75 சதவீதம், பருவநிலையை 37.

கேள்வி: போன்ல பேட்டி எடுத்தப்ப மறக்க முடியாதது ஏதாவது?

பதில்: ஒஹையோவில் ஒரு வயதான பெண்மணி. நிலக்கரி மின்நிலையங்களை மூடிச் சூரிய மின்சாரத்துக்கு மாறுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்டேன். “என் கரண்ட் பில் ஏறுமா? அதை முதலில் சொல்லு, அப்புறம் நான் சொல்கிறேன்” என்றார். எழுதியிருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, திரும்ப அதே கேள்வியைப் படித்தேன். “மகளே, பதில் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்” என்றார். மூன்றாவது முறையும் படித்துவிட்டு, ‘தெரியாது’ என்ற கட்டத்தில் குறித்தேன்.