ஆம்ப்ட்ஹில் ஒருவரா, இருவரா?

பெர்லினில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஆம்ப்ட்ஹில் பிரபுதான் பின்னால் சென்னை கவர்னராக வந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அவர் அப்பா, இவர் மகன்.

அப்பாவின் பெயர் ஓடோ ரஸ்ஸல், பெட்ஃபோர்டு டியூக் ஒருவரின் பேரன். 1849-ல் வியன்னாவில் வேலையைத் தொடங்கினார். அப்புறம் ரோமில் 12 வருஷம், போப்பிடம் அதிகாரப்பூர்வமில்லாத தூதர். 1871-ல் பெர்லின். 1878-ல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய பெர்லின் மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி பிரெஞ்சில் பேசக் கிளம்பினாராம். அவருடைய பிரெஞ்சோ சுமார் ரகம். எல்லாரும் உங்கள் ஆங்கிலத்தைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள் என்று நைசாகச் சொல்லி மடக்கியது ரஸ்ஸல்தான் என்பார்கள்.

ஆம்ப்ட்ஹில் பட்டம் 1881-ல்தான் கிடைத்தது. 1884-ல் இறந்துவிட்டார். மகன் ஆலிவர் சென்னைக்கு வந்தது 1900 கடைசியில். அதனால் அப்பாவின் 1881-க்கு முந்தைய கடிதங்களை ரஸ்ஸல் என்ற பெயரில் தேடிப் பாருங்கள்.