இலவசமாக வந்த கோழிக் கழிவு: குழியை மூடினால் போதுமா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. வாடல் நோயிலும் வெள்ளை ஈயிலும் காய்ப்பு பாதியாகிவிட்டது. செலவில்லாத இயற்கை உரம் என்று சொல்லி, கேரளாவுக்குக் கோழி ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் ஒருவர் மூன்று லோடு கோழிக் கழிவு கொண்டுவந்தார். பொக்லைன் வைத்து எட்டு அடிக் குழி தோண்டிப் புதைத்தோம். இருபது நாளாகிறது. நாற்றம் தாங்கவில்லை, நாய்கள் குழியைப் பறிக்கின்றன, அறுபது அடி தள்ளியிருக்கும் கிணற்றில் எண்ணெய் மினுக்கம் தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்தார் புகார் செய்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. நாற்றம் போக என்ன தெளிக்கலாம்? மருந்துக் கடைக்காரர் லிட்டர் 450 ரூபாய்க்கு ஒரு நுண்ணுயிர்த் திரவம் தருகிறார். வண்டிக்காரரோ குட்டை வெட்டி மீன் விடுங்கள், மீதிக் கழிவை அது தின்றுகொள்ளும் என்கிறார். செய்யலாமா?

பதில்: தெளிக்க ஒன்றும் வேண்டாம். காற்றே போகாத ஆழத்தில் குடல் அழுகிக்கொண்டிருக்கும்போது மேலே நின்று திரவம் தெளிப்பது பிணத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை. அந்தக் கடைக்காரர் உங்கள் குழியை வந்து பார்த்தாரா? பார்த்திருந்தால் விற்க மனம் வந்திருக்காது என்று நம்புகிறேன். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அவ்வளவு நல்ல உரத்தை அந்த வண்டிக்காரர் ஏன் சும்மா தருகிறார்? அன்றன்றைக்கு வெட்டிய கோழியின் குடல், தலை, இறகு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நீராவி அழுத்தத்தில் வேகவைத்துத் தூளாகவும் எண்ணெயாகவும் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. அந்தத் தூள் மீன் தீவனத்துக்கும் நாய்த் தீவனத்துக்கும் போகிறது. ஆனால் ஓர் இரவு வெக்கையில் கிடந்தால் கொழுப்பு சிக்கடித்துவிடும், ஆலை வாங்காது. அந்தச் சரக்குதான் உங்கள் தோப்புக்கு வந்தது. கழிவை அப்புறப்படுத்தக் கோழிக்கடைக்காரர் பணம் கொடுக்கிறார், காலியாகத் திரும்ப வேண்டிய வண்டிக்கு வாடகை கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டில் கூலி வாங்காமல் உழைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வாரியக் கடிதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கிணற்றிலோ நிலத்திலோ மாசுப் பொருளைத் தெரிந்தே சேர்ப்பவரை மட்டுமல்ல, சேர்க்க அனுமதிப்பவரையும் பிடிக்கிறது. அந்தச் சட்டம் நிலத்தடி நீரையும் நீரோட்டம் என்றே கணக்கில் வைக்கிறது. இறைச்சிக்கூடங்கள் வாரியத்தின் சிவப்புப் பட்டியலில், அதாவது அதிகம் மாசு செய்யும் தொழில்களின் வரிசையில் இருப்பவை; இசைவாணை இல்லாமல் இயங்க முடியாது, சுத்திகரித்து வெளியேற்றும் தண்ணீரில் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கோழி ரத்தத்தில் அதே அளவு லட்சத்தை ஒட்டி நிற்கும். அதை உங்கள் கிணற்றிலிருந்து அறுபது அடியில் இறக்கியிருக்கிறீர்கள். 'என் நிலம், என் உரம்' என்ற வாதம் எடுபடாது. லோடு வந்த தேதி, வண்டி எண், கைப்பேசியில் இருக்கும் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். கழிவைத் தோண்டி எடுக்கப்போவதாக மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் சொல்லி, அவருக்குத் தெரியவே செய்யுங்கள். மறைத்தால் வண்டிக்காரர் நழுவிவிடுவார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி என் பழைய பாட்டு. குழி வேண்டாம். எருவானாலும் செத்த கோழியானாலும் எதற்கும் குழி வேண்டாம். முப்பது ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன், பொக்லைன் வாடகை மலிந்ததிலிருந்து ஒருவரும் கேட்பதில்லை. பண்ணை வைத்திருந்த காலத்தில் நானும் செத்த கோழிகளைக் குழியில் போட்டவன்தான். எட்டு மாதம் கழித்து வேறு வேலைக்காக அங்கே தோண்டினோம். மண்வெட்டியில் வெள்ளை இறகு கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது, அலசினால் விற்கலாம் போல. அடியில் கறுப்புக் குழம்பு. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்று இல்லாத இடத்தில் பொருள் மட்காது, அழுகும். குழி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தச் சாறு கீழே இறங்குவதைத் தடுக்க ஆளில்லை.

தரைக்கு மேலே குவியல் போடுங்கள். கிணற்றிலிருந்து குறைந்தது முந்நூறு அடி தள்ளி மேட்டு நிலம் பாருங்கள். உலர்ந்த தென்னை நார்க்கழிவு இரண்டு அடி மெத்தை. அதன்மேல் கழிவு அரை அடி. அதன்மேல் நார்க்கழிவும் பொடித்த மட்டையும் காய்ந்த சாணமும் ஓர் அடி. இப்படியே ஐந்து அடி உயரம் வரை அடுக்கி, கடைசியில் ஓர் அடிக்குக் குறையாமல் போர்த்துங்கள். கழிவில் தழைச்சத்து மிகுதி, நார்க்கழிவில் கரிச்சத்து மிகுதி. ஒன்றுக்கு மற்றொன்று கடிவாளம். நான்காம் நாள் ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவரை சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். முனையைக் கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். கை தாங்கினால் ஈரமோ காற்றோ குறை. ஆறு வாரத்தில் ஒரு முறை புரட்டுங்கள். இறகின் தண்டு கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

குழியை இயந்திரம் வைத்தே காலி செய்யுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். அழுகிய குழியின் வாயு நொடியில் சாய்த்துவிடும். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பு முடித்துவிடுங்கள்.

சூடு ஆறிய பிறகு, வண்டின் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சாணத்தைக் குவியலில் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் தென்னைக் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு அங்கேயே குடித்தனம் நடத்தும். சூடாக இருக்கும்போது போட்டால் பூஞ்சாணம் செத்துவிடும், காசு வீண்.

இவ்வளவும் வந்த கழிவைத் துப்புரவாக்கத்தான். அடுத்த லோடுக்கான வழிமுறையாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மரத்துக்கு இது தேவையும் இல்லை. வளர்ந்த தென்னைக்கு ஆண்டுக்குப் பரிந்துரை யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுஉரம் 50 கிலோ. தென்னை அதிகம் கேட்பது பொட்டாஷ் தரும் சாம்பல் சத்தை. கோழிக் குடலில் அது சொற்பம். வாடல் நோயை இது தீர்க்கவும் தீர்க்காது.

கிணற்றுத் தண்ணீரை வீட்டுக்கும் மாட்டுக்கும் இன்றே நிறுத்துங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நைட்ரேட்டும் கோலிபார்ம் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. நாய் இழுத்துப்போட்ட எலும்பை மாடு கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பைத் தேடிப்போய் மெல்லும், அதில் இருக்கும் பொட்டுலிசம் நஞ்சு காலை மடக்கிப் படுக்கவைத்துவிடும், எழுப்புவது அரிது.

மீன் குட்டை? கோழிக் குடலைத் தின்று கொழுக்கும் என்று அவர் சொல்வது ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் இருக்கும். அதை வளர்க்க நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது. வாரியக் கடிதம் ஒன்று போதாதென்று மீன்வளத் துறைக் கடிதமும் வேண்டுமானால் குட்டை வெட்டுங்கள்.