மரத்தை மொட்டையடிக்க விடாதீர்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுப் பின்புறம் 25 வயது வேப்பமரம் ஒன்று நிற்கிறது. வீட்டுப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். பெரிய கிளை ஒன்று மாடிக்கு மேல் நீண்டிருக்கிறது. அடிமரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. போன வாரம் பலமாகக் காற்றடித்த மறுநாள் இரண்டு பேர் வந்து, "உள்ளே முழுக்க வெற்றுக் கூடு. அடுத்த காற்றுக்கு வீட்டு மேலே விழும். இன்றைக்கே பாதி உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம், கட்டையைக் கொடுத்துவிட்டால் கூலி வேண்டாம்" என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. வெட்டச் சொல்லிவிடலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். அவர்களிடம் வேண்டாம். பாதி உயரத்துக்கு வெட்டுவது எப்போதுமே வேண்டாம்.

உங்கள் மரத்தை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் அது நிற்குமா விழுமா என்று இங்கிருந்தபடியே சொல்ல மாட்டேன். ஆனால் காற்றடித்த மறுநாள் வாசலில் வந்து நின்று, மரத்தைத் தட்டிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே முழுக்கக் கூடு என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினால், அந்தக் கட்டையைக் கூலிக்குப் பதிலாக ஏன் கேட்கிறார்கள்? கட்டையில் பணம் இருக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். இவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மரத்தரகர் இருப்பார். தெருத்தெருவாக மரங்களைப் பார்த்துவைத்து, பயம் சூடாக இருக்கும்போது ஆளை அனுப்புவது அவர் வேலை. "இன்றைக்கே" என்ற சொல்லைக் கேட்டவுடன் கதவைச் சாத்திவிடுங்கள்.

இப்படிப் பாதியில் வெட்டி மொட்டையடித்த மரம் பார்க்கச் சிறிதாகிவிடும், வீட்டில் பயமும் தணியும். மரத்துக்குள் நடப்பதோ வேறு. அதற்குச் சாப்பாடு தயாராவது இலையில். இலை மொத்தமும் ஒரே நாளில் போனால், சேர்த்துவைத்ததையெல்லாம் செலவழித்து, வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக்கொத்தாகக் குச்சிகளைத் தள்ளும். சாதாரணக் கிளை ஒன்று வருடா வருடம் அடிமரத்தோடு சேர்ந்து தடித்து, அதற்குள் புதைந்து பிடித்திருக்கும். இந்தக் குச்சிகளுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பி, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டே வேகமாக வளரும். ஐந்தாறு வருடம் முன்பு மொட்டையடித்த மரம் ஒன்றில் கயிறு போட்டு ஏறியபோது, மணிக்கட்டுத் தடிமனுள்ள ஒரு கிளையைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலப் பட்டையோடு பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அது ஒட்டியிருந்த இடம் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் ஈரப் பஞ்சுபோல உள்ளே போயிற்று. அந்தக் கிளை நாலு மீட்டர் நீளம். அதற்கு நேர் கீழே குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். ஆபத்தைக் குறைக்கத்தான் அந்த மரத்தை வெட்டினார்கள்.

வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, 1970களிலேயே இதை விளக்கிவிட்டார். நம் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. மேலே பூசும் பூச்சு அந்த வேலைக்கு உதவுவதில்லை.

இனி பொந்துக்கு வருகிறேன். பொந்து இருந்தாலே மரம் விழும் என்பது தவறு. மூங்கிலும் உள்ளே கூடுதான். மரத்தைத் தாங்குவது பெரும்பாலும் வெளிச்சுவர். நடுவிலிருந்து ஆரத்தில் 70 சதவீதம் வரை காலியாகிப்போனாலும், வளைவைத் தாங்கும் வலு கணக்குப்படி கால் பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. ஜெர்மனியின் மர ஆய்வாளர் கிளவுஸ் மத்தெக் விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து இதையொட்டித்தான் ஒரு விதி சொன்னார்: சுற்றிலும் உள்ள நல்ல மரம் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உங்கள் அடிமரம் 60 செ.மீ. விட்டம் என்றால், 10 செ.மீ. சுவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் அகலமாகத் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்கு போதாது. உங்களுடையது கை நுழையும் அளவுதான் என்பதால் முதல் சோதனைக்கு இது உதவும். விவரம் தெரிந்தவர் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பார். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும், கூடான இடத்தில் பறைபோல அதிரும். சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியால் துளைத்துச் சுவரை அளக்கும் கருவி இருக்கிறது. கை நுழைவதை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கக் கூடு என்று யாராலும் சொல்ல முடியாது.

சாய்வும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம் நுனியை மேல்நோக்கித் திருப்பியிருக்கும், முழங்கை மடிந்ததுபோலத் தெரியும். அது பழைய சாய்வு, அதற்கேற்ப மரம் வேரைப் போட்டுக்கொண்டிருக்கும். போன வாரக் காற்றில் புதிதாகச் சாய்ந்திருந்தால் அடையாளம் மண்ணில் தெரியும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் பொம்மியிருக்கும், அரைவட்டமாக விரிசல் விட்டிருக்கும், காற்றில் மரம் ஆடும்போது காலடி மண்ணும் சேர்ந்து அசையும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அந்தப் பக்க அறைகளைக் காலி செய்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

நான் இதுவரை சொன்ன ஆறுதலையெல்லாம் ரத்து செய்யும் விஷயம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் மரத்தருகே பள்ளம் தோண்டினீர்களா? சுற்றுச்சுவர் அஸ்திவாரம், கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, எதற்காக இருந்தாலும் சரி. பலர் இதை ஒரு வேலையாகவே நினைவில் வைத்திருப்பதில்லை, நான் இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் "ஆமாம், குழாய் மாற்றினோம்" என்பார்கள். வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்தான், பக்கவாட்டில் கிளைகளின் பரப்பையும் தாண்டி ஓடும். மரத்தைப் பிடித்து நிறுத்தும் தடித்த வேர்கள் அடியைச் சுற்றி இருக்கின்றன. அடிமர விட்டத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது 50 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஒன்றரை மீட்டருக்குள், பள்ளம் தோண்டி வேரை வெட்டியிருந்தால் அந்த மரத்தின் பிடிமானம் போயிருக்கலாம். உங்கள் மரம் வீட்டுப் பக்கம் சாய்கிறது. அப்படியானால் அதை இழுத்துப் பிடித்திருப்பது எதிர்ப்பக்கத்து வேர்கள், கூடாரத்துக்குக் கட்டிய கயிறுபோல. அந்தப் பக்கத்தில் சுற்றுச்சுவருக்காக ஒரே ஒரு நாள் தோண்டியிருந்தாலும் கயிறு அறுந்த மாதிரிதான். கொடுமை என்னவென்றால் இலை பச்சையாகவே இருக்கும். மற்றப் பக்கத்து வேர்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும், மரம் பூக்கும், துளிர்க்கும். மழையில் மண் ஊறி, காற்றும் அந்தத் திசையில் அடிக்கிற நாளில் முழு மரமாகச் சாயும். இப்படித் தோண்டியிருந்தால் பொந்தை மறந்துவிட்டு முதலில் வேரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வேர் போயிருப்பது உறுதியானால் மரத்தை எடுக்கத்தான் வேண்டும், அப்போது நானே எடுக்கச் சொல்வேன்.

தோண்டவில்லை, மண்ணும் கெட்டியாக இருக்கிறது, பொந்தைச் சுற்றியுள்ள மரச்சுவரும் போதுமானது என்றால், உங்களுக்கு வேண்டியது மாடிக்கு மேலிருக்கும் அந்த ஒரு கிளையில் கவாத்து, அதாவது கிளையை முறைப்படி வெட்டி எடுப்பது. கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் கழுத்துபோலத் தடித்த வளையம் இருக்கும். வெட்டு அதற்கு வெளியே விழ வேண்டும். வளையத்தையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது, முண்டாக விட்டாலும் மூடாது. கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கினால் பட்டை கிழிந்து அடிமரம் வரை இறங்கும். அதனால் முதலில் கொஞ்சம் தள்ளிக் கீழிருந்து ஒரு வெட்டு, இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் போன பிறகு கழுத்தருகே மூன்றாவது வெட்டு. எவ்வளவு அவசியம் என்றாலும் ஒரு வருடத்தில் பச்சைக் கிளைகளில் கால் பங்குக்கு மேல் எடுக்கவிடாதீர்கள். நீங்களே ஏணி வைத்து ஏறாதீர்கள். அரை மீட்டர் விட்டமுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளம் இருந்தாலே 150 முதல் 200 கிலோ இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் சோதனைக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவரிடம் முதலில் போங்கள். கட்டையில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கத்தின் (ISA) சான்றிதழ் பெற்றவர் கிடைத்தால் நல்லது. வேலைக்கு வருகிறவர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒருவர் விழுந்தால் கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும். என்ன வெட்டப்போகிறார்கள், கட்டையை யார் எடுப்பது, அடிக்கட்டை நிற்குமா போகுமா என்பதை எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். காலில் ஆணிக்கொக்கி மாட்டி ஏற வந்தால் திருப்பி அனுப்புங்கள். வைத்துக்கொள்ளப்போகும் மரத்தில் அது ஏறுகிற அடிக்கு அடி ஓட்டை போடும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சார அலுவலகம் இணைப்பைத் துண்டிக்கும்வரை யாரும் மரத்தைத் தொடக் கூடாது.

அனுமதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். பல ஊர்களில் சொந்த மனையில் நிற்கும் மரத்தை எடுக்கவும் உள்ளாட்சியின் அனுமதி தேவை. "வாங்கித் தருகிறோம்" என்று வெட்டுகிறவர் சொல்வதை நம்பாதீர்கள், விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், அபராதமும் உங்களுக்குத்தான். இருபது வருடமாக இந்தப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மரம் எத்தனை, சுற்றளவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். வெட்டப்போகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு கட்டம்கூட நான் பார்த்த படிவங்களில் இல்லை. அடியோடு எடுத்தால் நோட்டீஸ் வருகிறது, உயிரோடு மொட்டையடித்து நாலு வருடத்தில் சாகவிட்டால் கேட்க நாதியில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மாடியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தெரியும்படி மரத்தைப் போட்டோ எடுத்துவையுங்கள். அடுத்த மழை நின்றதும் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் சாய்வு கூடியிருக்கிறதா என்று தெரியும், சோதனைக்கு வருகிறவரிடமும் காட்டுங்கள். அதுவரை அந்தக் கிளைக்குக் கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொந்தில் சிமென்ட் ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் ஊற்றாதீர்கள். காற்றில் மரம் வளையும், சிமென்ட் வளையாது, உள்ளே உரசி உரசி மிச்சமிருக்கும் நல்ல சுவரையும் கெடுத்துவிடும்.