ஊழியம் முடித்துச் சென்னை திரும்பும் தம்பதி: கடைசி ஏழு வாரங்களில் எந்தப் பணத்தைத் தொடலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் 14 ஆண்டுகளாக மிஷனரி ஊழியம் செய்து வருகிறோம். எனக்கு வயது 61. மனைவிக்கு 57, அவர் மிஷன் மருத்துவமனையில் செவிலியர். வருகிற பிப்ரவரி இறுதியில், அதாவது இன்னும் ஏழு வாரங்களில், நிரந்தரமாகச் சென்னை திரும்புகிறோம். ஓய்வூதியம் கிடையாது. சென்னை வங்கியில் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கான என்.ஆர்.இ. வைப்பாக 22 லட்சம் ரூபாயும், அவர்களுக்கான வெளிநாட்டு நாணய வைப்பான எஃப்.சி.என்.ஆர். வைப்பாக 15,000 டாலரும் (முதிர்வுக்கு இன்னும் 14 மாதம்) இருக்கின்றன. இங்குள்ள வங்கியில் 60 லட்சம் குவாச்சா (மலாவி நாணயம்) இருக்கிறது. ஒரு பழைய காரும் உண்டு. பெரம்பூரில் அப்பா கட்டிய வீட்டின் மாடி எங்கள் பங்கு. ஊர் திரும்பியதும் வைப்புகளை முறித்து ஒரகடம் பக்கம் மனை வாங்கச் சொல்கிறார் மைத்துனர். நாங்கள் சென்னையிலும் ஊழியத்தைத் தொடர்ந்தால் மாதந்தோறும் பணம் அனுப்புவதாக வெளிநாட்டு நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? – ஓர் ஊழியர், பிளாண்டயர்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ளவற்றுள் விமானம் ஏறுவதற்கு முன் முடித்தே ஆக வேண்டியவை மிகக் குறைவு, அவை ஏறக்குறைய எல்லாமே மலாவியில் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் பணத்தை இந்த ஏழு வாரங்களில் நீங்கள் தொடவே தேவையில்லை. ஆனால் மைத்துனரின் யோசனையும், பொதுவாக ஊர் திரும்புகிறவர்களின் பதற்றமும் உங்கள் கவனத்தைச் சென்னைப் பணத்தின் மீதே திருப்புகின்றன என்பது என் கணிப்பு.

குவாச்சாவிலிருந்து தொடங்குவோம். மலாவிக்கு வெளியே அந்த நோட்டை மாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதன் மதிப்பு எப்படிச் சரியும் என்பதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள்: 2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி ஒரே அறிவிப்பில் டாலருக்குச் சுமார் 1,180 என்றிருந்த விகிதத்தை 1,700 ஆக்கியது. இன்றைய அரசு விகிதம் 1,750 என்று வைத்துக்கொண்டால் உங்கள் 60 லட்சம் குவாச்சா ஏறத்தாழ 3,400 டாலர், அதாவது மூன்று லட்சம் ரூபாய் அளவு. இந்த விகிதத்தில் டாலர் கிடைத்தால் உங்களுக்கு லாபமே. டாலர் தட்டுப்பாட்டால் கிடைப்பதுதான் கடினம். ஆகவே பணி முடிந்ததற்கான மிஷனின் கடிதம், பயணச்சீட்டு, வருமான வரி நிலுவை இல்லை என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றுடன் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே உங்கள் வங்கியில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால், வெளிச்சந்தையில் பாதி மதிப்புக்கு மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் போகும் நிலை வரும்; அது சட்டத்துக்கும் புறம்பானது, கணக்குக்கும் கட்டுப்படியாகாதது. குவாச்சாவிலேயே தீர்க்கக்கூடியவற்றை, அதாவது பயணச்சீட்டு, சரக்குக் கட்டணம், வீட்டு வேலைக்கு இருந்தவர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய பணிக்கொடை போன்றவற்றை, முதலில் அதிலிருந்தே தீர்த்துவிட்டால் மாற்ற வேண்டிய தொகையும் குறையும்.

காரை விற்கும் முன் அதன் பதிவுப் புத்தகத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். மிஷன் பெயரில் பதிவாகியிருந்தால், 14 ஆண்டுகள் நீங்களே ஓட்டியிருந்தாலும் அது உங்கள் வண்டி அல்ல. உங்கள் பெயரிலேயே இருந்து, தீர்வைச் சலுகையில் இறக்குமதியானதாக இருந்தால், சலுகை இல்லாத ஒருவருக்கு விற்கும்போது தீர்வை கட்ட வேண்டிவருமா என்பதை அங்குள்ள வரித்துறையில் கேட்ட பின்பே விலை பேசுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கையொப்பத்தில் இயங்கும் ஊழியக் கணக்குகள் ஏதேனும் இருக்கின்றனவா? கிணறு தோண்ட, பள்ளிக் கட்டணம் கட்ட என்று வந்த பணத்தில் மீதம் இருக்கிறதா? அந்த மீதம் ஒரு குவாச்சாவாக இருந்தாலும் அங்கேயே, வங்கி அறிக்கையோடும் இருப்புப் பட்டியலோடும், அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கையொப்ப அதிகாரம் மாறிவிட்டதற்கான வங்கிக் கடிதத்தின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘சென்னைக்குப் போய் அனுப்பிவிடுகிறேன்’ என்று அந்தப் பணம் உங்கள் சொந்தக் கணக்கு வழியாக வந்தால், நாளை சபையும் கேள்வி கேட்கும், வரித்துறையும் கேட்கும். இரண்டு இடத்திலும் உங்களிடம் ஒரே பதில்தான் இருக்கும், அதற்கு ஆதாரம் இருக்காது. பிரிவுபசாரக் கூட்டத்தில் உங்களுக்கென்றே தரப்படும் காணிக்கை வேறு. நீங்கள் அங்கே வசிக்கும்போதே அங்குள்ளவர்களிடமிருந்து பெறுவதால் இந்தியாவில் அதற்கு வரி இல்லை. ‘தனிப்பட்ட அன்பளிப்பு’ என்று சபைச் செயலாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

ரொக்கமாக எடுத்து வருவதானால், நோட்டுகள் மட்டும் 5,000 டாலரைத் தாண்டினாலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, மீனம்பாக்கத்தில் இறங்கியதும் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும்.

இனி சென்னைப் பணத்துக்கு வருவோம். திரும்பி வருகிறவர் இரண்டு சட்டங்களுக்குள் ஒரே நேரத்தில் நுழைகிறார். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவைப் பொறுத்தவரை, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இறங்கிய நாள் முதலே நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். ஆகவே வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரண உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வைப்பை முறிக்க வேண்டியதில்லை. பெயர்தான் மாறும், ஒப்புக்கொண்ட வட்டி தொடரும். வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. பிப்ரவரி இறுதியில் வந்தால் இந்த நிதியாண்டில் நீங்கள் இங்கே இருப்பது 60 நாட்களுக்கும் குறைவு என்பதால், மார்ச் 31 வரை வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவரே. கடந்த பத்து ஆண்டுகளும் நீங்கள் அப்படியே இருந்ததால், அடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்கு ‘சாதாரணமாக வசிப்பவர் அல்லாத வசிப்பவர்’ என்ற இடைநிலை கிடைக்கும். (இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.) இந்த இடைநிலையில் வெளிநாட்டு வங்கி வட்டிக்கு இங்கே வரி இல்லை, எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு வரை அப்படியே வைத்திருக்கலாம், அதன் வட்டிக்கும் வரி விலக்கு தொடரும். 14 மாதத்தில் முதிரும் வைப்பு இந்தக் காலத்துக்குள் முழுமையாக அடங்கிவிடுவதால் அதை முறிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. முதிர்ந்த பின் டாலராகவே வைத்திருக்க விரும்பினால், ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டு நாணயத்தை வைத்துக்கொள்வதற்கான ஆர்.எஃப்.சி. கணக்கு என்ற வசதி இருக்கிறது.

என்.ஆர்.இ. வட்டிக்கு இருந்த வரிவிலக்கு போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். 22 லட்சத்துக்கு ஆண்டு வட்டி ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுதான் வரும். புதிய வரி முறையில், இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் கட்ட வேண்டிய வரி இல்லை. விலக்கு போனாலும் உங்கள் பையிலிருந்து போவது ஒன்றுமில்லை.

மனை விஷயத்தில் என் கருத்து வேண்டாம் என்பதே. ஓய்வூதியம் இல்லாத, அறுபதைக் கடந்த ஒருவருக்கு மாதம் ஒரு ரூபாய்கூடத் தராத சொத்து எதற்கு? மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றாலும், ஒரகடம் மனை உங்கள் மருந்துச் செலவைக் கொடுக்காது. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. அதற்குப் பதிலாக, வசிப்பவர் ஆன பிறகு அஞ்சலகத்திலோ வங்கியிலோ உங்கள் பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கு தொடங்குங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் இதில் சேர முடியாது என்பதால் இதற்கும் இப்போது அவசரம் இல்லை. தற்போதைய 8.2 சதவீத வட்டியில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கையில் வரும். உச்சவரம்பு 30 லட்சம் என்றாலும் முழுவதையும் அதில் முடக்க வேண்டாம். ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டியே கிடைக்காது. நான்கு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் ஆண்டில் குளிர்சாதனப் பெட்டி, கட்டில், பல் மருத்துவர் என்று செலவுகள் வரிசையாக வரும்.

மாதம் பத்தாயிரம் ரூபாயில் சென்னையில் இரண்டு பேர் வாழ முடியாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆகவே பெரம்பூர் மாடி முக்கியமாகிறது. வாடகையும், பத்து மாத முன்பணம் கேட்கும் இந்த ஊர்ப் பழக்கமும் உங்களைத் தொடாது. ‘எங்கள் பங்கு’ என்கிறீர்கள். அது பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா, அல்லது அப்பா வாய்மொழியாகச் சொன்னதா? வாய்மொழி என்றால், உடன்பிறந்தோர் எல்லாரும் நல்ல உறவில் இருக்கும் காலத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

மருத்துவக் காப்பீடு மட்டும் காத்திருக்கக் கூடாது. முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம்; பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும். இணையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிட்டு, பரிசோதனையைச் சென்னை வந்த வாரத்தில் முடியுங்கள். இரத்த அழுத்தமோ, மலேரியாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்ததோ, எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நண்பர்கள் அனுப்ப விரும்பும் பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இந்தியாவில் சமயப் பணிக்காக வெளிநாட்டு நன்கொடை பெற, அதை ஒழுங்குபடுத்தும் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவு வேண்டும். அந்தப் பதிவு பெற்ற அமைப்புகளும் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் பெற முடியும். உங்கள் சொந்தக் கணக்குக்கு ஊழியத்தின் பெயரில் மாதந்தோறும் பணம் வருவது சட்ட மீறல். அவர்கள் பதிவு பெற்ற ஓர் அமைப்புக்கு அனுப்பட்டும். நீங்கள் அங்கே உண்மையாகவே வேலை செய்தால் அந்த அமைப்பு உங்களுக்குச் சம்பளம் தரலாம். இதை நண்பர்களிடம் பிரிவுபசாரத்துக்கு முன்பே விளக்கிவிடுங்கள், அவர்கள் ஆர்வத்தில் முதல் மாதமே அனுப்பிவிடக்கூடும்.

கடைசியாக உங்கள் மனைவி. உங்கள் குடும்பத்தில் இன்னும் சில ஆண்டுகள் நிலையான வருமானம் ஈட்டக்கூடியவர் அவர்தான். விரும்பினால் என்றும் சேர்த்துக்கொள்கிறேன், 14 ஆண்டு உழைப்புக்குப் பின் ஓய்வு எடுக்க அவருக்கு உரிமை உண்டு. தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் அவருடைய பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணியாற்றிய பிரிவுகள், தேதிகள், பொறுப்புகள் எல்லாம் தெளிவாக எழுதப்பட்ட அனுபவச் சான்றிதழை, மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் இரண்டு அசல் பிரதிகளாக அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே வந்து மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகிவிடும்.