‘கலா’ என்றால் கறுப்பா?

கேள்வி: 1964-க்குப் பிறகு ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆயா, “அங்கே நம்மாளுங்களை ‘கலா’ன்னுதான் கூப்பிடுவாங்க” என்பார். இந்தியில் கறுப்பு என்று சொல்லும் ‘காலா’தானே அது?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: இல்லை. பர்மிய எழுத்தில் அதன் முதல் எழுத்து ‘கு’. எழுதுவது ‘குலா’, பேச்சில் முதல் அசையை விழுங்கிவிடுவதால் நம் காதில் ‘கலா’. ‘காலா’வில் முதலெழுத்தே நெடில். தவிர, வெள்ளைக்காரனுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கலாப்யூ’. ப்யூ என்றால் வெள்ளை. ‘வெள்ளைக் கறுப்பன்’ என்றா ஒருவனைக் கூப்பிடுவார்கள்? மேற்கேயிருந்து வந்த அந்நியன் என்பதே பழைய பொருள். பர்மாவின் பழைய தலைநகரான பகான் காலத்துக் கல்வெட்டுகளிலேயே, கோயிலுக்கு விடப்பட்ட அடிமைகளைப் பற்றிச் சொல்லும்போது ‘குலா’ வருகிறது.

சொல்லின் வேர் எது என்பதில்தான் தகராறு. ‘கூ லா’, அதாவது கடந்து வந்தவன் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகு, தொனிதான் இடறுகிறது. கடப்பதைக் குறிக்கும் ‘கூ’ உயர்ந்து நீளும். நம் சொல்லின் ‘கு’ சட்டென்று வெட்டுப்படும். வருவதைக் குறிக்கும் ‘லா’ தாழ்தொனி, இங்கே உயர்தொனி. பர்மிய மொழியில் தொனி மாறினால் சொல்லே வேறு.

இன்னொன்று வடமொழி ‘குல’, நம் குலம்தான். குலம் கோத்திரம் பார்க்கிறவர்கள் என்று பெயர் விழுந்திருக்கலாம். ‘கு’ பொருந்துகிறது, ‘ல’ எப்படி உயர்தொனி நெடிலானது என்பதற்குத்தான் பதில் இல்லை. ஓட்டு இதற்கே, அரை மனதோடு.

பொருள்களில் அந்தச் சொல் சாதுவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலி ‘கலாத்தைங்’: தைங் என்றால் உட்கார், பாயில் உட்கார்ந்தவர்களுக்கு அது அந்நியன் இருக்கை. கொண்டைக்கடலை ‘கலாபெ’, பெ என்றால் பயறு. ‘மொய்ங்கா’ என்ற மீன் நூடுல்ஸ் சூப்பைக் கெட்டியாக்குவது அதன் மாவுதான். நாற்காலியையும் கடலையையும் தாராளமாக அப்படிச் சொல்லலாம். ஆளைப் பார்த்துச் சொன்னால் இன்று வசை.

கேள்வி: பீச் ஸ்டேஷன் எதிரே விற்கும் ‘அத்தோ’, நூடுல்ஸின் பர்மியப் பெயரா?
- வாசகர், ராயபுரம்

பதில்: கையால் பிசைந்தது எதுவும் அத்தோதான். எழுத்தில் கடைசியில் ‘ப்’ உண்டு. தொண்டையில் அடைத்து நின்றுவிடும், வெளியே கேட்காது. ஊறவைத்த தேயிலையைப் பிசைந்தால் ‘லப்பெத் தோ’. நம் தட்டில் வருவது ‘கௌக்ஸ்வெ தோ’, கௌக்ஸ்வெதான் நூடுல்ஸ்.